ஓஸ் கதையில் அரசியலைத் தேடுவது எப்படி?

ஓஸ் என்ற மாய நாட்டில் நடக்கும் குழந்தைக் கதை இது. முதலில் அதன் திரைப்படத்தை ஒதுக்கி வையுங்கள். 1939இல் வந்த அந்தப் படத்தில் கதையின் நாயகி, சிறுமி டாரத்தி அணிவது சிவப்புக் காலணி. ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் வெளியான புத்தகத்திலோ அது வெள்ளிக் காலணி. அரசியல் வாசிப்பே அந்த வெள்ளியில்தான் தொடங்குகிறது.

அடுத்து, 1896 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். கடனில் தவித்த விவசாயிகள் தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக அடிக்கச் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேசிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தோற்றார். இப்போது கதையில், தங்கத்தை நினைவூட்டும் மஞ்சள் செங்கல் பாதையில் டாரத்தியின் வெள்ளிக் காலணி நடப்பதைப் பாருங்கள்! 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர் டாரத்தியின் வழித்துணைகளையும் இப்படித்தான் பொருத்தினார்: வைக்கோல் மனிதன் விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி, கோழைச் சிங்கம் பிரையன்.

மயங்கிவிடாதீர்கள். பாம் அப்படி நினைத்து எழுதியதற்குச் சான்று இல்லை. பிற்காலத்தில் லிட்டில்ஃபீல்டே அதைச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், கதையில் மந்திரவாதி ஆளும் மரகத நகரத்தில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். எல்லோர் கண்ணிலும் பச்சைக் கண்ணாடியைப் பூட்டிவிட்டு, ஊரே பச்சை என்று நம்ப வைக்கிறான் மந்திரவாதி. இதைப் புரிந்துகொள்ள நாணயச் சண்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் எழுதியவரையும் பாருங்கள். அவருடைய மாமியார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண் வாக்குரிமைப் போராளி. அதே பாம்தான் தெற்கு டகோட்டாவில் நடத்திய பத்திரிகையில், 1890இலும் 1891இலும், பூர்வகுடிகளை அழித்தொழிக்கச் சொல்லி எழுதினார். சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும்போது இதை நான் எடுப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதும் இல்லை.