சிபிஏ தேர்வின் ரெக் பிரிவு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கணக்காளர் உரிமத்துக்கான சிபிஏ தேர்வில், வரியையும் பிசினஸ் சட்டத்தையும் கேட்கும் ரெக் பிரிவு சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. 2024-ல் நிதிக் கணக்கியலுக்கான ஃபார் பிரிவை எழுதியவர்களில் சுமார் 40 சதவீதம் பேரே தேறினார்கள். ரெக்கில் 60 சதவீதத்துக்கும் மேல். ஆனால் இதை நம்பி அலட்சியமாகப் படிக்கக் கூடாது. ஃபாரை முடித்துவிட்டுப் படிக்கும் பழக்கத்தோடு ரெக்குக்கு வருபவர்கள் பலர் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. ரெக்கில் மதிப்பெண் போகும் விதமும் வேறு. விதியே தெரியாமல் விடுவது குறைவு. தனிநபருக்கு உள்ள விதியைக் கம்பெனிக்கும், பார்ட்னர்ஷிப்புக்கு உள்ளதை எஸ் கார்ப்பரேஷனுக்கும் (லாப நட்டத்தைப் பங்குதாரர்களின் வரிக் கணக்குக்கே கடத்தும் கம்பெனி) போட்டு இழப்பதுதான் அதிகம். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாகப் படிப்பது

பாடப் புத்தகங்களில் தனிநபர் வரி ஒரு பகுதி, சி கார்ப்பரேஷன் (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் கம்பெனி) ஒரு பகுதி, எஸ் கார்ப்பரேஷன் ஒன்று, பார்ட்னர்ஷிப் ஒன்று என்று பிரித்துத்தான் இருக்கும். அதே வரிசையில் ஒன்றை முடித்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போனால், படிக்கும்போது எல்லாம் தெளிவாகவே தோன்றும். கேள்வித்தாளில் நாலும் கலந்து வரும்போதுதான் சிக்கல்.

மூலதன நட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தன் மூலதன ஆதாயத்தைக் கழித்தது போக மிஞ்சும் நட்டத்தில் வருடத்துக்கு 3,000 டாலர் வரை மற்ற வருமானத்திலிருந்து கழிக்கலாம். மீதியைக் காலவரம்பில்லாமல் அடுத்தடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். சி கார்ப்பரேஷனுக்கு அந்த 3,000 கிடையாது. மூலதன ஆதாயத்துக்கு எதிராக மட்டுமே கழிக்க முடியும். மிஞ்சுவதைக் கடந்த 3 வருடங்களுக்குப் பின்னேயும், வரும் 5 வருடங்களுக்கு முன்னேயும் கொண்டுபோகலாம். அதே கம்பெனியின் தொழில் நட்டத்துக்கோ கதையே வேறு. இப்போது ஏற்படும் நட்டத்தைப் பொதுவாகப் பின்னே எடுத்துப்போக முடியாது. முன்னே கொண்டுபோகக் காலவரம்பு இல்லை, ஆனால் அந்தந்த வருட வரிக்குரிய வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கழிக்க முடியாது. மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காதவருக்கு, நாலு விடைகளும் சரியாகவே தெரியும். கேள்வி தயாரிப்பவர்கள் தவறான விடைகளை எடுப்பதே பக்கத்து விதியிலிருந்துதான்.

பேசிஸைச் சூத்திரமாக மட்டும் வைத்துக்கொள்வது

ரெக்கில் ஒரே ஒரு தலைப்புக்குக் கூடுதல் நேரம் கொடுக்க முடியும் என்றால் அதை பேசிஸுக்குக் கொடுங்கள்; ஒரு சொத்திலோ தொழிலிலோ நீங்கள் போட்டதாக வரிக் கணக்கு எடுத்துக்கொள்ளும் தொகை அது. சொத்து, பங்கு, பார்ட்னரின் பங்குரிமை என்று எல்லா இடத்திலும் இது தலை காட்டுகிறது.

இருவர் ஆளுக்கு 10,000 டாலர் போட்டுச் சரிபாதியாக ஒரு தொழில் தொடங்குகிறார்கள். தொழில் வங்கியில் 1,00,000 டாலர் கடன் வாங்குகிறது. முதல் வருடம் 60,000 டாலர் நட்டம், ஆளுக்கு 30,000. அது சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால், கடனில் ஒவ்வொருவரின் பங்கான 50,000 அவரவர் பேசிஸில் சேரும். பேசிஸ் 60,000, ஆகவே பேசிஸ் அளவுக்குத்தான் நட்டத்தைக் கழிக்கலாம் என்ற வரம்பைப் பொறுத்தவரை 30,000 நட்டமும் கடந்துவிடும். அதே தொழில் எஸ் கார்ப்பரேஷன் என்றால், கம்பெனி வாங்கிய வங்கிக் கடன் பங்குதாரரின் பேசிஸில் சேராது. பேசிஸ் 10,000 மட்டும். 10,000 கழியும், 20,000 நிறுத்தி வைக்கப்படும். பங்குதாரர் அந்தக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தாலும் அதனால் மட்டும் பேசிஸ் ஏறாது. அவரே தன் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்திருந்தால் ஏறும். ‘சொந்த ஜாமீன்’ என்ற வார்த்தையைக் கேள்வியில் பார்த்ததும் அவசரப்பட்டு பேசிஸைக் கூட்டிவிடுபவர்கள் நிறைய.

பரிசாக வந்த சொத்தும் இப்படித்தான். அப்பா 10,000 டாலருக்கு வாங்கிய பங்குகளை, அவற்றின் சந்தை மதிப்பு 7,000 ஆக இருக்கும்போது மகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். மகள் 12,000-க்கு விற்றால் லாபம் 2,000, ஏனென்றால் லாபத்துக்கு அப்பாவின் பேசிஸ். 6,000-க்கு விற்றால் நட்டம் 1,000, ஏனென்றால் நட்டத்துக்குச் சந்தை மதிப்பு. 8,000-க்கு விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதே பங்குகள் அப்பா இறந்த பிறகு வாரிசுரிமையாக வந்திருந்தால், பொதுவாக இறந்த நாளின் சந்தை மதிப்பே பேசிஸ். கதை அங்கேயே முடிகிறது. இந்த மூன்று விலைகளையும் வைத்து நீங்களே எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மனதில் உட்கார்ந்துவிடும்.

பிசினஸ் சட்டத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

வரிதான் முக்கியம் என்று நினைத்துச் சட்டத்தை ஒதுக்குகிறார்கள். பாடத்திட்ட ஆவணத்தைத் திறந்து பார்த்தால் பிசினஸ் சட்டம் மட்டும் 15 முதல் 25 சதவீதம். நெறிமுறை, தொழில்முறைப் பொறுப்பு, வரி நடைமுறை ஆகியவை இன்னொரு 10 முதல் 20. இரண்டும் சேர்ந்தால் குறைந்தது கால் பங்கு. தனிநபர் வரி 22 முதல் 32, நிறுவன வரி 23 முதல் 33, சொத்துப் பரிவர்த்தனை 5 முதல் 15. அந்தக் கால் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு வரிக் கணக்குகளால் மட்டும் தேர்ச்சிக்கு வேண்டிய 75-ஐத் தொடுவது மிகவும் கஷ்டம்.

சட்டத்திலும் பக்கத்து விதிக் குழப்பம்தான் பெரியது. பொருள் விற்பனைக்கு யுசிசி என்ற சீரான வணிகச் சட்டத் தொகுப்பு, சேவைக்கும் நிலத்துக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டம். ஒப்பந்தத்தை இடையில் மாற்றப் பொதுச் சட்டத்தில் புதிய பிரதிபலன் (பதிலுக்குத் தரும் ஏதாவது) வேண்டும். யுசிசியில் நல்லெண்ணத்தோடு ஒப்புக்கொண்டாலே போதும். அதனால் கேள்வியைப் படித்ததும் முதலில் பார்க்க வேண்டியது: விற்பது பொருளா, சேவையா? வரி நடைமுறையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. வரிக் கணக்கை மறுபரிசீலனை செய்ய அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் பொதுவாக 3 வருடம். மொத்த வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் காட்டாமல் விட்டிருந்தால் 6 வருடம். மோசடிக்கு வரம்பே இல்லை.

பழைய நோட்ஸை வைத்துப் படிப்பது

நண்பர் கொடுத்தார் என்று பழைய புத்தகத்தை எடுத்துக்கொள்வது ரெக்கில் ரொம்ப ஆபத்து. 2024 ஜனவரியில் தேர்வின் அமைப்பே மாறியது. ஆடிட், ஃபார், ரெக் மூன்றும் எல்லோருக்கும் பொது. நாலாவதாக மூன்று விருப்பப் பிரிவுகளில் ஒன்று. ஆழமான வரித் திட்டமிடல் விஷயங்கள் டிசிபி என்ற விருப்பப் பிரிவுக்குப் போய்விட்டன. பழைய புத்தகத்தில் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தால் அத்தனை மாலைகளும் ரெக்குக்கு உதவாது.

சட்ட மாற்றங்களில் நேர்மாறான தவறும் நடக்கிறது: செய்தியில் வந்ததை உடனே தேர்வுக்குப் படிப்பது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான வரிச் சட்டம், அந்த வருடத்துக்கான, திருமணமாகாத தனிநபரின் நிலையான கழிவை 15,000-லிருந்து 15,750 டாலராக உயர்த்தியது. மாநில, உள்ளூர் வரிக் கழிவின் உச்சவரம்பை 10,000-லிருந்து 40,000 ஆக்கியது. கூட்டாட்சி வரியில் ஒரு மாற்றம் அமலுக்கு வந்த நாள், சட்டமான நாள் இரண்டில் பிந்தையதிலிருந்து ஆறு மாதம் கழித்துத் தொடங்கும் காலாண்டில்தான் அது தேர்வில் இடம்பெறும் என்பது தேர்வைத் தயாரிக்கும் ஏஐசிபிஏவின் பொதுவான கொள்கை. ஆகவே தேர்வுத் தேதியை முடிவு செய்த கையோடு, அந்தத் தேதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை ஏஐசிபிஏ அறிவிப்பிலும், உங்கள் பாடப் பொருளின் பதிப்பிலும் சரிபாருங்கள்.

சிமுலேஷனைத் தள்ளிப்போடுவது

72 கொள்குறி வினாக்களுக்கு 50 சதவீதம், வெறும் 8 சிமுலேஷனுக்கு மீதி 50 சதவீதம். ஆனால் பயிற்சி நேரம் முழுவதும் கொள்குறி வினாக்களுக்கே போகிறது, ஏனென்றால் அவை சீக்கிரம் முடிந்து திருப்தி தருகின்றன. சிமுலேஷனில் மின்னஞ்சல், விலைப்பட்டியல், கே-1 படிவம் என்று ஐந்தாறு ஆவணங்கள் இருக்கும். எது தேவையில்லாதது என்று ஒதுக்குவதும் வேலையின் ஒரு பகுதி. எம்-1 அட்டவணை நல்ல உதாரணம். கணக்குப் புத்தக லாபத்திலிருந்து வரிக்குரிய வருமானத்துக்குப் போகும்போது கூட்டாட்சி வருமான வரிச் செலவைத் திரும்பக் கூட்ட வேண்டும், அபராதத்தையும் கூட்ட வேண்டும், மாநகராட்சிப் பத்திர வட்டியைக் கழிக்க வேண்டும். இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தன் கையால் பத்துத் தடவை போட்டால்தான் கூட்டுவதா கழிப்பதா என்ற தடுமாற்றம் போகும். ஒரு தலைப்பு முடிந்ததும் அன்றைக்கே அதன் சிமுலேஷனையும் போட்டுவிடுங்கள், தப்பாக வந்தாலும் பரவாயில்லை.

நேரக் கணக்கு

மொத்தம் 4 மணி நேரம், ஐந்து தொகுதிகள்: முதல் இரண்டும் 36 கொள்குறி வினாக்கள், அப்புறம் 2, 3, 3 என்று சிமுலேஷன்கள். ஒரு தொகுதியைச் சமர்ப்பித்துவிட்டால் திரும்ப முடியாது. வினாவுக்கு ஒன்றேகால் நிமிடம் என்று வைத்தால் முதல் இரண்டு தொகுதிகளும் 90 நிமிடத்தில் முடியும். மீதி 150 நிமிடத்தில் ஒரு சிமுலேஷனுக்கு 18 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். மூன்றாவது தொகுதிக்குப் பிறகு வரும் 15 நிமிட இடைவேளை தேர்வு நேரத்தில் கழியாது, அதனால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. தெரியாத வினாவில் பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டு ஒன்றைக் குறித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.