ஸ்பானிய மொழிக் கடைத்தெருவில் பேரம் பேசுவது எப்படி?

ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்பவர்கள், ஸ்பெயினின் வாலென்சியாவிலோ பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலோ கரையிறங்கி வீட்டுக்கு ஏதேனும் வாங்க முனையும்போது, பாடப்புத்தக ஸ்பானியம் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. கடைத்தெருப் பேச்சைக் கற்க விரும்புவோர், பலகையில் படிக்க வேண்டிய சொற்களையும் வாயால் கேட்க வேண்டிய சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பலகைச் சொற்களில் முதன்மையானது 'ரெபாஹாஸ்'. ஸ்பெயினில் இது நம் ஆடித் தள்ளுபடிக்கு நிகரானது. ஜனவரி 6 ஆம் நாள் மூவரசர் திருநாள் முடிந்ததும் ஒருமுறை, ஜூலையில் மறுமுறை என்பது வழக்கம். 2012 முதல் கடைக்காரர்களே தேதியைத் தீர்மானிக்கலாம். ரெபாஹாஸ் என்று எழுதிய இடத்தில் பழுதான சரக்கை விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை; 'சால்தோஸ்' என்று எழுதியிருந்தால் அது பழுதானதாகவோ காலம் கடந்ததாகவோ இருக்கலாம் என்பதால், தையலையும் சாயத்தையும் நன்கு பார்த்த பின்னரே வாங்க வேண்டும். 'த்ரேஸ் போர் தோஸ்' என்றால் மூன்று எடுத்தால் இரண்டுக்கு மட்டும் பணம். இத்தகைய கடைகளில் பேரம் பேசுவது வீண்.

மாத்ரித் நகரத்து எல் ரஸ்த்ரோ போன்ற ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பேரத்துக்கு இடமுண்டு. மலிவாகக் கிடைத்த நல்ல பொருளை ஸ்பெயின்காரர்கள் 'சோயோ' என்பார்கள். அதே அர்த்தத்தில் வரும் 'கங்கா' ஸ்பானியம் பேசும் எல்லா நாடுகளிலும் செல்லும். அடிமாட்டு விலைக்கு 'எஸ்தா திராதோ' என்பது ஸ்பெயின் வழக்கு. ஆனால் இவற்றை வாங்கிய பிறகு நண்பர்களிடம் சொல்லுங்கள். விற்பவர் முன்னிலையில் சொன்னால் பேரம் அதோடு முடிந்தது.

லத்தீன் அமெரிக்கச் சந்தைகள், பர்மா பஜாரிலும் எம்.சி. ரோட்டிலும் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. பெருவில் விற்பவரை 'காசேரோ' என்றும், பெண்ணாயின் 'காசேரா' என்றும் அழைத்துத் தொடங்குங்கள். வாடிக்கை உறவைக் குறிக்கும் இவ்விளியை அவர்களும் உங்களுக்குத் திருப்பித் தருவார்கள். மெக்சிகோவில் 'மார்ச்சாந்தே' என்க. அடுத்து, 'குவாந்தோ எஸ் லோ மேனோஸ்?' என்று கேட்டால் கடைசி விலை என்ன என்று பொருள். 'உனா ரெபாஹீத்தா' என்பது 'கொஞ்சம் குறையுங்கள்' என்று குழைந்து கேட்பது. காலையில் முதல் ஆளாகச் செல்வது நல்லது, ஏனெனில் மெக்சிகோ வியாபாரிகளிடமும் போணி நம்பிக்கை உண்டு. முதல் விற்பனைப் பணத்தால் சிலுவைக் குறி இட்டுக்கொள்வதால் அதற்கு 'பெர்சிக்னார்சே' என்றே பெயர்.

விலை இறங்கவில்லையெனில் கொசுறு கேளுங்கள். காய்கனிச் சந்தையில் இதுவே மேலான வழி என்பது என் கருத்து. ஆண்டிஸ் மலைப்பகுதிப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த 'யாப்பா' என்ற சொல் பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளில் வழங்குகிறது. கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் அது 'ஞாப்பா'. நமக்கு ஞகரம் இருப்பதால் உச்சரிப்பில் சிரமமில்லை. மெக்சிகோவில் 'பிலோன்' என்பார்கள்.

பணத்தில் மட்டும் கவனம் தேவை. 'லூக்கா' என்றால் கொலம்பியா, சிலி, அர்ஜென்டினாவில் 1,000 பெசோ. பெருவிலோ வெறும் 1 சோல் (அந்நாட்டு நாணயம்). எனவே தொகையைச் செல்பேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.