கைக்கு எட்டாத இடத்தில் ஆயில் ஃபில்டர்: டிரக்கின் ஆயிலை நாமே மாற்றும் முறை

என் டிரக்கில் ஆயில் ஃபில்டர் இன்ஜினின் முன்பக்கத்தில், படுக்கை வாக்கில், மூடிய முனை முன்னோக்கி இருக்குமாறு, அடிச்சட்டத்தின் குறுக்குத் தண்டுக்கு நேர் மேலே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் செல்கிறது. மறுபக்கத்தில் ஆயில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ஒயர்கள் இருக்கின்றன. கை உள்ளே நுழையும், ஆனால் நுழைந்த கையைத் திருப்ப இடமில்லை. ஃபில்டரைக் கழற்றியவுடன் அதற்குள் நிற்கும் ஏறத்தாழ அரை லிட்டர் ஆயில் நேராகக் கீழே இறங்காமல், குறுக்குத் தண்டின் மீது பரவி, அதன் இரு ஓரங்களிலும் வழிந்து, நாம் வைத்திருக்கும் தட்டுக்கு வெளியே சொட்டுகிறது.

மூன்று முறை ஆயில் மாற்றிய பிறகே இந்த வேலையை ஒரு துளியும் சிந்தாமல் முடிக்கக் கற்றுக்கொண்டேன். ஃபில்டரைத் திருகும் முன்பே ஆயில் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை முடிவு செய்து, அந்த வழியை அமைத்துவிட வேண்டும் என்பதே அந்த மூன்று முறைகளில் நான் கண்டது. இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

ஆயிலின் தரம், அளவு, டிரெயின் போல்டை இறுக்க வேண்டிய விசை ஆகியவை உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்; அவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கினால் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டுகளின் மீது இறக்கி உட்கார வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும். ஜாக் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வண்டியின் கீழே ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

இடத்தைத் திறந்துகொள்ளுதல்

இன்ஜினை மூன்று, நான்கு நிமிடங்கள் ஓட விட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் விரைவாக இறங்கும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஏனெனில் ஃபில்டருக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் செல்லும் வண்டிகளில் முன்கையின் உட்புறம் சுட்டுக்கொள்ளும் இடம் அதுதான். நைட்ரைல் கையுறையோடு, முழங்கை வரை மறைக்கும் தடித்த சட்டையையும் அணிந்துகொள்வது நல்லது.

அடிக்காப்புத் தகட்டில் ஃபில்டருக்கென்று ஒரு சிறு வாசல் வெட்டப்பட்டிருந்தால் அதை நம்பி முழுத் தகட்டையும் கழற்றாமல் விடாதீர்கள். சிந்தும் ஆயில் தகட்டின் உட்புறத்தில் தேங்கி, பல நாட்கள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருக்கும். நான்கைந்து போல்டுகள்தான், முழுவதையும் கழற்றிவிடுங்கள். அடுத்து, முன் சக்கரங்களை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்துப் பாருங்கள். பல டிரக்குகளில் அடியிலிருந்து எட்டாத ஃபில்டர், சக்கரக் குழியின் வழியாக, சில நேரம் ஒரு ரப்பர் மறைப்பை ஒதுக்கினால் போதும், எளிதாக எட்டிவிடும். என் வண்டியில் இந்த வழி இருப்பதை இரண்டாம் முறைதான் கண்டுபிடித்தேன்.

பழைய ஆயிலை இறக்குதல்

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, டிரெயின் போல்டைக் கழற்றி, பதினைந்து, இருபது நிமிடங்கள் பொறுத்திருங்கள். டிரெயின் போல்டு ஆயில் பேனின் பின்பக்கத்தில் இருந்தால் முன்பக்கம் தூக்கியிருப்பது உதவும். முன்பக்கத்தில் இருந்தால் பழைய ஆயிலின் ஒரு பகுதி பின்னால் தேங்கிவிடும் என்பதால், வண்டியைச் சமமாக வைத்து இறக்க வேண்டும். சொட்டுவது நின்றதும் புதிய வாஷரைப் போட்டு போல்டை மாட்டிவிடுங்கள். இதை இப்போதே செய்வதற்குக் காரணம் இருக்கிறது: ஃபில்டரோடு போராடும்போது தட்டை நகர்த்த நேரிடும், அந்த நேரத்தில் கீழே திறந்த துளை இருக்கக் கூடாது.

எந்தப் பக்கம் திருக வேண்டும்

என்னை முதல் முறை தடுமாற வைத்த இடம் இது. ஃபில்டரின் மூடிய முனையை நாம் நேருக்கு நேர் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். ஆனால் என் வண்டியில் மூடிய முனை முன்னோக்கி இருக்கிறது. நான் அடியில் படுத்துக்கொண்டு பின்னாலிருந்து, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்தக் கோணத்தில் கழலும் திசை வலஞ்சுழியாகத் தெரியும். நான் பழக்கத்தின்படி இடஞ்சுழியாகவே முறுக்கி, அரை மணி நேரம் அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து கையை விட்டு, கீழ்நோக்கித் தொங்கும் ஃபில்டரைக் கழற்றுபவர்களுக்கும் இதே குழப்பம் வரும். இப்போது நான் புதிய ஃபில்டரைப் பொருத்தும் முன் அதன் உடலில் அழியாத மையினால் கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும், பக்கத்தில் தேதியும், ஓடிய கிலோமீட்டரும் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை படுத்தபடியே அம்பைப் பார்த்தால் போதும்.

கருவிகளைப் பொறுத்தவரை, நெருக்கமான இடத்திற்குத் தொப்பி போல ஃபில்டரின் முனையில் கவியும் ரெஞ்சுதான் என் முதல் தேர்வு. அதை ஒரு குட்டை எக்ஸ்டென்ஷனோடும், தேவைப்பட்டால் வளையும் இணைப்போடும் ராட்செட்டில் மாட்டினால், ஃபில்டரின் பக்கங்களில் இடமே இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். வாங்கும்போது விட்டத்தை மட்டுமன்றி முனையில் உள்ள பட்டைகளின் எண்ணிக்கையையும் பொருத்திப் பார்க்க வேண்டும்; 14 பட்டை ஃபில்டருக்கு 15 பட்டைத் தொப்பி வழுக்கும். மூன்று கால் நக ரெஞ்சு இதற்கு அடுத்தது. வார் ரெஞ்சுக்குக் கைப்பிடியை வீச இடம் வேண்டும் என்பதால் இங்கே அது பயன்படாது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகும் முறையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிப்போன ஃபில்டரின் மெல்லிய தகடு கிழிந்துவிட்டால், பிறகு தொப்பி ரெஞ்சு பிடிக்கவும் இடம் இருக்காது.

ஆயிலுக்கு வழி அமைத்தல்

ஃபில்டரின் பிடியை முதலில் சற்றே தளர்த்துங்கள். கால் சுற்று போதும், சொட்டத் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள். இப்போது தடித்த அலுமினியத் தாளை இரண்டு, மூன்று மடிப்பாக மடித்து, ஃபில்டரின் வாய்க்குக் கீழே தொடங்கிக் குறுக்குத் தண்டைத் தாண்டி வெளியே வரும் ஒரு வாய்க்காலாக வளையுங்கள். இரு ஓரங்களும் இரண்டு விரல் உயரத்திற்காவது எழும்பியிருக்க வேண்டும். தொடக்க முனையை இன்ஜின் பரப்போடு அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். நான் இரண்டாம் முறை இதைக் கவனிக்காததால் ஆயில் தாளுக்கும் இன்ஜினுக்கும் இடையிலேயே இறங்கிவிட்டது. ஆயில் ஃபில்டரிலிருந்து தனியாக விழுவதில்லை, இன்ஜின் பரப்பைப் பற்றிக்கொண்டுதான் வழிகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த முனையின் முக்கியத்துவம் விளங்கும். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் இடம் அகலமாக இருந்தால் உதவும், ஆனால் தாள் எந்த வளைவுக்கும் இணங்கும் என்பதால் நான் தாளையே விரும்புகிறேன். பக்கத்தில் உள்ள ஒயர் இணைப்புகளைத் துணியால் சுற்றிவிடுங்கள்.

வாய்க்கால் தயாரானதும் கையாலேயே மெல்லத் திருகுங்கள். ஆயில் வழியத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கழற்றுவதுதான் சிந்துவதற்குக் காரணம். ஓட்டம் மெலிந்ததும் மேலும் அரைச் சுற்று, மறுபடியும் காத்திருப்பு. இறுதியாகக் கழலும்போது வாய்ப்பகுதியை மேல்நோக்கித் திருப்பி, ஒரு தடித்த பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி வெளியே எடுங்கள்.

வெளியே எடுத்த கணமே அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதிய ஃபில்டரைப் பொருத்தினால் இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று, அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் இன்ஜினின் ஆயில் முழுவதும் வெளியேறிவிடலாம். கண்ணால் பார்க்க முடியாத இடமென்றால் விரலால் சுற்றிலும் தடவியோ, சிறிய கண்ணாடியைப் பிடித்தோ உறுதி செய்துகொண்டு, அந்தப் பரப்பைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

புதியதைப் பொருத்துதல்

படுக்கை வாக்கிலோ தலைகீழாகவோ நிற்கும் ஃபில்டருக்கு, ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்கும் உள்வால்வு சிலிக்கோனால் ஆனதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண ரப்பர் சூட்டில் விறைத்துப் போகும்; சிலிக்கோன் நீண்ட நாள் நெகிழ்வாக இருக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் இரவு முழுவதும் ஃபில்டர் காலியாகி, காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் சில நொடிகள் கடகடவென்ற ஓசை கேட்கும்.

வளையத்தின் மீது புதிய ஆயிலை விரலால் தடவுங்கள். கீழ்நோக்கி நேராகத் தொங்கும் ஃபில்டரில் பாதியளவு ஆயில் நிரப்பிப் பொருத்தலாம். சாய்ந்தோ படுத்தோ இருப்பதில் அது அமைத்த வாய்க்காலிலேயே கொட்டிவிடும் என்பதால் நிரப்பத் தேவையில்லை. மரையில் ஏற்றும்போது முதல் இரண்டு சுற்றுகள் எந்தத் தடையும் இன்றி ஓட வேண்டும். தடை தெரிந்தால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மீண்டும் தொடங்குங்கள். வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு, ஃபில்டரின் மீது அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று முதல் ஒரு சுற்று வரை, கையால் இறுக்கினால் போதும். எண்ணெய் படிந்த கையுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்த கையால் இறுக்குங்கள்.

ஆயிலை ஊற்றி, மூடியை மூடி, இன்ஜினைக் கிளப்புங்கள். ஆயில் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடியதும் ஃபில்டரின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்து, இன்ஜினை அணைத்து, ஜாக் ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் சமதளத்தில் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காலியாக இருந்த ஃபில்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் அளவு சற்றே குறைந்திருக்கும்; அதை மட்டும் ஈடு செய்யுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த இருவர், ஃபில்டர் இன்ஜினின் மேலே தலைகீழாக நிற்கும் வண்டிகளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். டொயோட்டா டகோமாவின் 4.0 லிட்டர் வி6 இன்ஜினில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சுற்றி ஆயிலைப் பிடிக்க ஒரு சிறு தட்டும் உண்டு. அங்கே வாய்க்கால் தேவையில்லை. ஃபில்டரை ஒரு சுற்றுத் தளர்த்தி, உள்ளே காற்று புக விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால், ஆயிலின் பெரும்பகுதி தானாகவே இன்ஜினுக்குள் இறங்கிவிடும். ஆகவே டிரெயின் போல்டை மாட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு ஆயில் மாற்றிய மறுநாளும் கருகிய வாடை வந்து, கீழே சொட்டுகளும் விழுந்திருந்தன. ஃபில்டர் கசிகிறது என்று எண்ணி அவர் அதை மேலும் இறுக்கியிருந்தார். பெரும்பாலும் இது குறுக்குத் தண்டின் இடுக்குகளில் தங்கிய பழைய ஆயில்தான். எக்ஸாஸ்ட் முழுவதும் ஆறிய பிறகு பிரேக் கிளீனரால் அந்தப் பகுதியைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டு, இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை சுத்தமாக இருந்தால் ஃபில்டரைத் தொடாதீர்கள். கறை இருந்தால், அதற்கு நேர் மேலே உள்ள இடம் ஃபில்டரா, டிரெயின் போல்டா என்று பார்த்துவிட்டுக் கருவியை எடுங்கள்.