பழைய வீட்டைக் காப்பாற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இரண்டு இளைஞர்கள் ஒரு திண்ணையை அளந்துகொண்டிருந்தார்கள். கட்டடக்கலை படித்தவர்கள். வரைந்து வைத்திருந்த படம் அவ்வளவு சுத்தம். "வீடு யாருடையது?" என்று கேட்டேன். "உள்ள ஒரு தாத்தா இருக்காரு சார், அவரோடதுதான்" என்றார்கள். இருபது வருடம் முன்னால் இதே கேள்விக்கு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசக் கூடாது, தேக்குத் தூணுக்கு எனாமல் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு வீட்டை மட்டும் பார்ப்பது

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதியில் தெருவுக்கு முகம் கொடுப்பது மதில் சுவரும் பெரிய வாசல் கதவும்தான். மேற்கே தமிழர் பகுதி அப்படியில்லை. இங்கே திண்ணையும், அதற்கு முன்னால் நடைபாதைக்கு மேல் சரிந்து நிற்கும் தாழ்வாரமும் வீட்டுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு தெருவுக்கும் சொந்தம். வரிசையாக நின்றால்தான் அதற்குப் பயன். உச்சி வெயிலில் நடந்து பாருங்கள், எந்த வீட்டில் தாழ்வாரத்தை எடுத்துவிட்டார்கள் என்று உங்கள் தலையே சொல்லும்.

வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராய செட்டி தெருவில் நடந்த வேலையை இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று, ஒரு வீட்டோடு நிற்காமல் தெருவின் ஒரு பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதனால் உங்கள் வீட்டை வரையும்போது இடமும் வலமும் இரண்டிரண்டு வீடுகளையும் சேர்த்து வரையுங்கள். திண்ணை உயரம், தாழ்வார விளிம்பு உயரம் இரண்டும் கட்டாயம் வேண்டும்.

யார் யார் வீடு என்று கேட்காமல் இருப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2000-களின் நடுவில் ஒரு வீடு கிடைத்தது. கீழே திண்ணையும் மரத்தூணும், மேல்மாடியில் வட்ட வளைவு ஜன்னலும் உருளைத் தூண் வைத்த கைப்பிடிச் சுவரும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று இந்த ஊருக்கே உரிய கலப்பு. நடுவில் முற்றம், அதைச் சுற்றி நான்கு தேக்குத் தூண்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் இருந்தார். "எங்க அப்பா கட்டினது. எனக்குத்தான்" என்றார். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் அளந்தோம். தாழ்வாரத்து ஓட்டைப் பிரித்துக் கைமரம் மாற்றினோம். இரண்டு அறைகளுக்கு மெட்ராஸ் டெரஸ் புதிதாகப் போட்டோம். உத்தரத்துக்கு மேல் சின்னச் செங்கலைக் குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடிக்கிற வேலை, ஆள் கிடைப்பதே கஷ்டம். பாதிச் செலவை அவர் தன் ஓய்வூதியப் பணத்திலிருந்து கொடுத்தார்.

வேலை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பங்கு கேட்டு வழக்கு வந்தது. அப்பா உயில் எழுதவில்லை. இறந்துபோன அக்காவின் பிள்ளைகள், பிரான்சில் இருந்த தம்பி என்று கணக்குப் பார்த்தால் ஆறு பங்கு. வெளியே இருந்தவர்கள் தங்கள் பங்குகளைச் சேர்த்து ஒரு கட்டுமானக்காரருக்கு விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

ஒரு நாள் போனபோது முற்றத்தின் நடுவே ஹாலோ பிளாக் சுவர் நின்றது. இரண்டு தூண் அந்தப் பக்கம், இரண்டு தூண் இந்தப் பக்கம். மேலே உத்தரங்கள் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓடியவை. சுவர் வந்த இடத்தில் அறுத்துவிட்டார்கள். அறுத்த முனைகளில் மழை இறங்கியது. இரண்டாவது மழைக்காலத்தில் பெரியவர் பக்கத்துக் கூடத்தின் தளம் இறங்கியது, நாங்கள் போட்ட தளம்தான். அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "தம்பி, நீ முதல்லயே கேட்டிருக்கலாமேப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

சரி, என்ன கேட்க வேண்டும்? வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பதிவான பத்திரம்தான் வரும். பதிவே இல்லாமல் வாரிசு முறையில் வந்த பங்கு அதில் தெரியாது. ஆகவே அளவு நாடாவை எடுக்கும் முன் குடும்ப வம்சாவளியை வரையுங்கள். கட்டியவர் யார், உயில் உண்டா, பெண் பிள்ளைகள் எத்தனை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இந்த ஊரில் இன்னும் இரண்டு கேள்வி உண்டு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் பலர். அதனால் வாரிசுகளில் யாராவது பிரான்சில் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அடுத்தது, குடும்பம் 'ரெனோன்சான்' வழியா என்று கேளுங்கள். 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் வழி வந்தவர்களுக்கு வாரிசுரிமைக் கணக்கே வேறு. வக்கீலைக் கேட்காமல் நீங்களாகப் பங்கு பிரித்துப் பார்க்காதீர்கள்.

எல்லோரும் எழுத்தில் சம்மதம் தந்த பிறகு பெரிய வேலையைத் தொடுங்கள். அதுவரை ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள், மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், சுவரில் முளைத்த அரசங்கன்றை எடுங்கள். உள்ளே இருக்கும் பெரியவரின் பணத்தை மட்டும் அதில் இறக்கவிடாதீர்கள்.

பட்டியலை முதலில் வெளியே விடுவது

மரபுக் கட்டடப் பட்டியலில் தன் வீட்டுப் பெயர் வரப்போகிறது என்று உரிமையாளருக்கு மூன்றாம் ஆள் மூலம் தெரிந்தால், அவர் காதில் விழுவது 'இனி விற்க முடியாது' என்பது மட்டும்தான். ஆணை வருவதற்குள், அலுவலகம் மூடியிருக்கும் சனி, ஞாயிறில் ஜேசிபி வந்துவிடும். முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எதை மாற்றலாம், பின்பக்கம் எவ்வளவு கட்டலாம், என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அப்புறம் பட்டியலுக்கு வாருங்கள்.

அடுத்த மழைக்கு அப்புறம் என்று தள்ளுவது

கடற்கரைச் சாலையில் 'மேரி' என்கிற பிரெஞ்சுக் கால நகர மண்டபக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது.

வீட்டுப் பெண்களிடம் பேசாதது

அடுப்படியும் குளியலறையும் சரியில்லாத வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் நாளே கேளுங்கள்.

எண் போடாமல் கதவைப் பிரிப்பது

போட்டுவிட்டுப் பிரியுங்கள். நிலை, கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும்.

சுண்ணாம்புக்கு அவசரப்படுவது

நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் கிடக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நேற்று நீற்றியதை இன்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். நீறாத கட்டி உள்ளே இருந்தால், பூசி முடித்த பிறகு ஈரம் பட்டுப் பொங்கி, சுவரில் சின்னச் சின்னக் குழியாகத் தெறித்து விழும். விரலால் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். நெருடினால் இன்னும் ஒரு வாரம்.