கராஜில் மாடல் ரயில் பாதை போடலாம், வாங்க

தண்டவாளம் வாங்கும் முன் கராஜை அளந்துவிடுங்கள். எச்ஓ (HO) என்ற மாடல் வகை என்றால் 1:87 அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 16.5 மி.மீ.; காரும் அங்கேயே நிற்க வேண்டுமானால் அதைவிடச் சிறிய, 1:160 அளவில் வரும் ‘N’ வகையே என் தேர்வு.

மேசையைச் சுவரோரமாக, அதிகபட்சம் 75 செ.மீ. அகலத்தில் போடுங்கள். அதைத் தாண்டினால், மூலையில் தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்டாது. எச்ஓவுக்கு வளைவின் ஆரம் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நீளப் பெட்டிகளுக்கு 60 இருந்தால் நிம்மதி. ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ. போதும்.

கராஜில் வெயிலும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும், மரம் உப்பும், தண்டவாளம் நீளும், அதனால் பிளைவுட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டு, சில தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும், மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

மின்சாரத்துக்கு, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடுகளை நம்ப வேண்டாம், ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு ஜோடி வயரைத் தண்டவாளத்தோடு சால்டர் செய்துவிடுங்கள், இல்லையென்றால் தூரத்து முனையில் எஞ்சின் சோர்ந்துபோகும். மலை, மரம், ஸ்டேஷன் எல்லாம் ஒரு வாரம் வண்டி தடையில்லாமல் ஓடிய பிறகுதான்.