ஃப்ரீமேசன் இயக்கம்: வரலாற்றிலும் சின்னங்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்தச்சர் சங்கங்களிலிருந்து வளர்ந்த சகோதர அமைப்பான ஃப்ரீமேசன் இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது, சடங்கில் சொல்லப்படும் கதையை வரலாறாகக் கொள்வதாகும். சாலமோன் அரசரின் ஆலயத்தைக் கட்டிய ஹீராம் அபிஃப், இரகசியத்தை வெளியிட மறுத்துக் கொலையுண்ட கதை மூன்றாம் படிநிலைச் சடங்கில் நடித்துக் காட்டப்படுகிறது. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்பதை உறுப்பினரின் மனத்தில் பதிய வைக்கும் உருவகம் அது. 1312இல் கலைக்கப்பட்ட டெம்ப்ளர் என்னும் கிறித்தவத் துறவுப் படை வீரர்களோடு இயக்கத்தை இணைத்துப் பேசும் வழக்கமும் 18ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது.

ஆவணங்கள் நம்மைக் கல்தச்சர்களிடமே அழைத்துச் செல்கின்றன. ஸ்காட்லாந்து அரசரின் கட்டடப் பணிகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598இல் வகுத்த விதிகள், தொழில் பழகுபவர் குறைந்தது 7 ஆண்டுகள் பயில வேண்டும் என்கின்றன. எடின்பரோ லாட்ஜின், அதாவது உள்ளூர்க் கிளையின், கூட்டக் குறிப்புகள் 1599 முதல் கிடைக்கின்றன. கல் உளியைத் தொட்டிராத எலியாஸ் ஆஷ்மோல் என்ற அறிஞர், தாம் 1646இல் வாரிங்டனில் சேர்த்துக்கொள்ளப்பட்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எனவே 1717ஐ இயக்கம் பிறந்த ஆண்டு என்பது பிழை. லண்டனின் 4 லாட்ஜுகள் இணைந்து கிராண்ட் லாட்ஜ் என்னும் தலைமை அமைப்பை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஆண்டு அது. அந்தச் செய்தியும் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738இல் வெளியிட்ட இயக்க விதிநூலின் பதிப்பிலிருந்தே வருவதால், 1721தான் சரியான ஆண்டு என வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு.

சின்னங்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, டாலர் தாளில் பிரமிடின் மேல் உள்ள கண். அது இடம்பெற்ற அமெரிக்க அரசு முத்திரை 1782இல் ஏற்கப்பட்டது. அதற்கு இறுதி வடிவம் தந்த சார்லஸ் தாம்சனோ வில்லியம் பார்ட்டனோ ஃப்ரீமேசன் என்பதற்குச் சான்று இல்லை. முத்திரையை வடிவமைக்க 1776இல் அமைந்த முதல் குழுவில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃப்ரீமேசன்தான். ஆனால் அவர் முன்வைத்தது மோசே கரையில் நின்று கை நீட்ட, செங்கடல் பார்வோனை மூழ்கடிக்கும் காட்சி. முக்கோணத்துக்குள் கண் என்பது அதற்கு முன்பே கிறித்தவ ஓவியங்களில் கடவுளைக் குறித்தது. பிற்காலத்தில் லாட்ஜுகளும் கண்ணை ஏற்றன என்பது உண்மை. எனினும் இயக்கத்துக்கே உரிய சின்னங்களைக் காண விரும்புவோர் கொத்தனாரின் கருவிப்பையைப் பார்க்க வேண்டும். லாட்ஜின் தலைவர் மூலைமட்டத்தையும், அவருக்கு அடுத்த இருவர் முறையே மட்டப்பலகையையும் தூக்குக்குண்டையும் அணிகிறார்கள். புதியவருக்குக் காட்டப்படும் 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. இவ்வளவு தெளிவான பொருளை விட்டுவிட்டுக் கண்ணையே பேசிக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

33ஆம் படிநிலை பெற்றவர் எல்லோருக்கும் மேலானவர் என்பதும் தவறு. அடிப்படை லாட்ஜுகளில் மூன்றாவதே உச்சம், 33 என்பது ஸ்காட்டிஷ் ரைட் என்னும் கூடுதல் அமைப்பின் கணக்கு.

உலகம் முழுவதற்கும் ஒரே தலைமை இருப்பதாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்ற விதியைப் பிரான்சின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியண்ட் 1877இல் நீக்கியபோது, இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் அதனுடன் உறவை முறித்துக்கொண்டது. இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் 1961இல் அமைந்தது. ஆகவே ஒரு விதியையோ வழக்கத்தையோ குறிப்பிடும்போது, அது எந்த கிராண்ட் லாட்ஜுக்கு உரியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.