ஹாட் ஃப்ளாஷ்: பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம்

தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பி, கழுத்து, முகம் எல்லாம் பரவி, ஜாக்கெட் முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்து, சில நிமிடத்தில் அடங்கி லேசாகக் குளிரும். "இந்த வயசுல அப்படித்தான்" என்பார்கள். சிலருக்கு இது ஏழு வருடத்துக்கு மேலும் நீடிக்கிறது, அவ்வளவு காலம் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப்பகுதி சின்னச் சூட்டுக்கே பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது. இளநீர், வெந்தயம் பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில், பால் கணக்கு எழுதும் மாத காலண்டரிலேயே எப்போது வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று இரண்டு வாரம் குறியுங்கள். சூடான காபி, காரம், பதற்றம் என்று அவரவருக்கு ஒரு காரணம் தெரியவரும். அடுப்படியில் ஒரு ஃபேன் இருக்கட்டும், இரவில் பாலியஸ்டர் நைட்டியை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் உதவும்.

இதெல்லாம் போதாதென்றால் அந்தக் காலண்டரோடு மகப்பேறு மருத்துவரிடம் போய், ஹார்மோன் சிகிச்சை எனக்குச் சரிவருமா என்று நேராகவே கேளுங்கள். இருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது அதுதான். இதில் ஆபத்து அதிகம் என்று 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு எல்லோரும் பயந்துவிட்டார்கள், ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டாயம். கூட்டு மருந்தை வருடக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்று அபாயம் கொஞ்சம் கூடும், அதையும் பேசி முடிவெடுங்கள்.

மார்பகப் புற்று, ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக இது தரமாட்டார்கள். அவர்களுக்கு வென்லாஃபாக்சின், இரவு வியர்வைக்கு கேபபென்டின் மாதிரி ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள், ஹாட் ஃப்ளாஷுக்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான பராக்ஸெட்டின் அதன் வேலையைக் கெடுக்கும். சிபிடி எனும் மனநலப் பயிற்சியும் அவஸ்தையைக் குறைக்கிறது.

அப்புறம், வியர்வையோடு காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால் தைராய்டு, காசநோய்ப் பரிசோதனை தேவைப்படலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.